நாலு கிலோமீட்டர்

மகனுக்குக் கலியாணமாம், கீழ்வீடு வேணுமாம்.
அறுபது நாள் கடிதத்தைக் கையில் தராமல்
உடுப்புக் காயவைக்கும் மெஷினுக்கு மேல்
வைத்துவிட்டுப் போனார் பத்மசீலன் அண்ணர்.

ஒரு மாத வாடகை அவர் திருப்பித் தரவேணுமென்று
சட்டம் இருக்காம்.
கேட்கலாம்தான்.
புது இடத்துக்கு ‘நல்ல ஆள்’ என்று
அவர்தானே எழுதித் தரவேணும்.
கேட்கவில்லை.

முதல் மாதமும் கடைசி மாதமும் முற்பணம்.
இன்னும் கால் வைக்காத வீட்டைவிட்டு
வெளியேறும் மாதத்துக்கும்
இப்பவே காசு கட்டவேணும்.
மூவாயிரத்து முந்நூறு.
கையில் இருந்தது இரண்டாயிரத்து நூறு.
ட்ரக் நூற்று நாற்பது,
லிஃப்ட் கீறுப்பட்டால் பிடிக்க இருநூற்றைம்பது.
பலசரக்குப் பில்லின் பின்பக்கத்தில்
கூட்டிப் பார்த்தேன், மாற்றிக் கூட்டிப் பார்த்தேன்.
ஆயிரத்து ஐநூற்றுத் தொண்ணூறு குறைந்தது,
எப்படிக் கூட்டினாலும்.

கிங்ஸ்டன் வீதியில் சிவப்பு எழுத்துக் கடை.
நூறுக்குப் பதினாலு, அடுத்த சம்பளம் மட்டும்.
கண்ணாடிக்குப் பின்னால் தமிழ்ப் பிள்ளை.
என் பெயரைப் பார்த்தாள்,
இங்கிலீசிலேயே கதைத்தாள்.
நானும் எனக்குத் தெரிந்த இங்கிலீசில்
ஊர் பேர் கேட்காமல் நின்றேன்.
கடைசிப் பக்கத்தில் மட்டும்
விரலால் தொட்டுக் காட்டி, மெதுவாக,
“இதிலயும் ஒரு கையெழுத்து, அன்ரி.”
அறுநூறு.

மர்லின் என்னோடு பிஸ்கட் பெட்டி ஒட்டுகிறவள்.
மணிலாவுக்கு அனுப்ப வைத்திருந்த எழுநூறை
வெறும் சாப்பாட்டுப் பெட்டியில் போட்டு
மூடித் தந்தாள்.
எப்ப தருவாய் என்று அவள் கேட்கவில்லை.
வட்டிக்காரனுக்குத் திகதி இருக்கு.
இவளுக்கு முன்னால்தான்
தேத்தண்ணி நேரம் முழுக்க
நான் தரையைப் பார்த்தபடி குடித்தேன்.

மிச்சத்துக்கு
கரண்ட் பில்லும் போன் பில்லும்
அடுத்த மாதத்துக்குப் போயின.

மதுக்கடையில் பெட்டி சும்மா தருவார்கள்.
சாமிப்படமும் மிளகாய்த்தூளும்
பிரெஞ்சு வைன் பெயரோடு
படியேறி வந்ததைப் பார்த்து
பத்மசீலன் அண்ணரின் மனுசி
வாயைப் பொத்தினா.
பொத்தட்டும்.

சோபாவுக்கு இன்னொரு நடை வேணும் என்றான் குகனேசன்.
ட்ரக் மைல்மணி ஓடும் ஒவ்வொரு ஓட்டமும் காசு.
பனிக்குள் விட்டுவிட்டு வந்தோம்.
கண்ணாடியில் அது
பஸ்ஸுக்கு நிற்கிற ஆள் மாதிரி
கொஞ்ச நேரம் தெரிந்தது.

முன் சீட்டில் மனக்கணக்கு:
ஏஜென்சிக்காரனுக்கு அன்று கொடுத்தது இருபத்தோராயிரம்.
பதினாலாயிரம் கிலோமீட்டர்.
கிலோமீட்டருக்கு ஒன்றரை டொலர்.
இன்று கடன்பட்டதும் தள்ளிப்போட்டதும் மட்டும்
கிலோமீட்டருக்கு நானூறு, கொஞ்சம் குறைய.
குகனேசன் கேட்டான், “ஏன் அக்கா சிரிக்கிறியள்?”

ஒன்பதிலிருந்து பதினொன்று வரை லிஃப்ட் எங்களுடையது.
முதல் பெட்டி ஏறமுன்
ஆரூஜன் என் போனை வாங்கி
சுவரில் இருந்த கீறல்களை எல்லாம்
ஒவ்வொன்றாய்ப் படம் பிடித்தான்.
வயது பன்னிரண்டு.
இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.
பதினொன்றுக்குச் சூப்பரின்ரென்டன்ற் டோர்ச் அடித்தார்.
“இது?”
“பழசு,” என்று படத்தை நீட்டினான்.
“இது?”
“அதுவும்.”
இருநூற்றைம்பதும் முழுசாக வந்தது.

அதைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்தேன்.
சிவப்புக் கடைக்கு முதலில் கொடுத்தால்
வட்டி மிச்சம், தெரியும்.
மூடியை இறுக்கினேன்.

இரவு தபால்பெட்டித் திறப்பைச் சரிபார்க்கக் கீழே போனேன்.
உள்ளே ஒரு கடிதம்.
முன்பு இருந்தவருடைய பெயர்,
எங்கடை பெயர்தான், யாழ்ப்பாணத்துப் பெயர்.
மூலையில் அதே சிவப்பு எழுத்து.
ஜன்னல் உறைக்குள்ளால் ‘இறுதி’ என்று ஒரு சொல்.

யாரோ படியில் வரும் சத்தம் கேட்டது.
பெட்டிகளுக்கு மேலே
பெயர் கீழே இருக்கக்
கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன்.